சிம்பாவா, யாங்காவா? தான்சானியா கால்பந்து லீகை ஆட்களிடம் கேட்டுக் கற்றுக்கொண்ட கதை

தான்சானியாவில் வேலைக்கு வந்து இறங்கும் யாரிடமும் முதல் வாரத்துக்குள் ஒரு கேள்வி வந்துவிடும்: "சிம்பாவா, யாங்காவா?" டிரைவர் கேட்பார், வாட்ச்மேன் கேட்பார், பேங்க் கவுன்டரில் பணம் எண்ணுகிறவர்கூடக் கேட்பார். ஊர், குடும்பம், சம்பளம் எல்லாம் அப்புறம்தான். முந்திரி வியாபாரத்தில் இருந்த எனக்கு இந்தக் கேள்வி தார் எஸ் ஸலாமிலும் வந்தது, தெற்குக் கோடியில் இருக்கும் ம்ட்வாராவிலும் வந்தது. அதற்குப் பதில் சொல்லப் போய்த்தான் அந்த நாட்டு லீகின் அறுபது வருஷக் கதைக்குள் நுழைந்தேன். வேலைக்கோ வியாபாரத்துக்கோ அந்தப் பக்கம் போகிறவர்களுக்கும், தூரத்து நாட்டு லீக் ஒன்றின் வரலாற்றைத் தேடிப் படிக்க ஆசைப்படுகிறவர்களுக்கும் பயன்படும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் இரண்டு பெரிய அணிகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். யாங்கா என்பது யங் ஆஃப்ரிக்கன்ஸ். 1935-ல் தொடங்கிய அணி. அடுத்த வருஷமே ஒரு கூட்டம் பிரிந்துபோய் வேறொரு அணியைக் கட்டியது. அதற்கு முதலில் க்வீன்ஸ் என்று பெயர், பிறகு சண்டர்லேண்ட், 1971-லிருந்து சிம்பா. இரண்டுக்கும் வீடு காரியாக்கோதான். தார் எஸ் ஸலாமின் பெரிய சந்தை இருக்கும் வட்டாரம். ம்ஸிம்பாஸி தெருவில் சிம்பாவின் கட்டடம், ஜங்வானியில் யாங்காவின் கட்டடம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போய்விடலாம். சிவப்பும் வெள்ளையும் சிம்பாவுக்கு, பச்சையும் மஞ்சளும் யாங்காவுக்கு. சுதந்திரப் போராட்டக் காலத்தில் டானு கட்சிக்காரர்கள் பலர் தங்கள் கிளப்பில்தான் கூடினார்கள் என்று யாங்காவின் பெரியவர்கள் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள்.

பெருநிலப் பகுதியான தங்கனிக்காவும் தீவான ஸான்ஸிபாரும் 1964 ஏப்ரலில் ஒன்றாகி தான்சானியா ஆயிற்று. மறு வருஷம், 1965-ல், தேசிய லீக் தொடங்கியது. முதல் சாம்பியன் சண்டர்லேண்ட்.

இங்கேயே முதல் பாடம் வந்துவிடுகிறது. பழைய பட்டியலைக் கையில் எடுத்தால் முதல் இரண்டு வருஷமும் சண்டர்லேண்ட் என்று இருக்கும். அப்புறம் அந்தப் பெயரே கண்ணில் படாது. அணி கலைந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. அதுதான் இன்றைய சிம்பா. ஆப்பிரிக்க லீக் எதை எடுத்தாலும் சுதந்திரத்துக்குப் பிறகு பெயர் மாறிய அணிகள் இருக்கும். அதனால் சாம்பியன் பட்டியலைத் திறக்கும் முன்பே ஒரு தாளில் அணிகளின் பழைய பெயர், புதுப் பெயர், மாறிய வருஷம் மூன்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒரே அணியை மூன்று அணியாக எண்ணிக்கொண்டிருப்போம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 1980-களில் தொடங்கி சில காலம் பெருநிலப் பகுதிக்கு ஒரு லீக், ஸான்ஸிபாருக்கு ஒரு லீக், இரண்டிலும் மேலே வந்தவர்கள் மோதும் யூனியன் லீக் என்று மூன்று நடந்தன. அதனால்தான் ஒரு பட்டியலில் 1989, 1992 ஆண்டுகளுக்கு நேரே ஸான்ஸிபாரின் மலிண்டி இருக்கும். இன்னொரு பட்டியலில் அந்த இடத்தில் வேறு பெயர் இருக்கும். இரண்டு பேர் ஒரே வருஷத்துக்கு வேறு வேறு சாம்பியனைச் சொன்னால், பொய் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளாமல் "எந்த லீக்?" என்று கேட்டால் போதும். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும். 2024-25 சீசன் முடிவில் யாங்காவுக்கு 31 பட்டம், சிம்பாவுக்கு 22 என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அந்தக் கணக்கைப் படிக்கும்போதும் இது நினைவில் இருக்க வேண்டும்.

நான் இதையெல்லாம் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ம்ட்வாராவில் முந்திரிக் கிடங்கில்தான் கேட்டேன். கன்னியாகுமரி மாவட்டத்து ஆலைகளிலும் கொல்லத்து ஆலைகளிலும் உடைபடும் கொட்டையில் பெரும்பங்கு ஆப்பிரிக்காவிலிருந்து வருவதுதான். அதில் ம்ட்வாரா, லிண்டி பக்கத்துச் சரக்குக்கு நல்ல மதிப்பு. அக்டோபரில் ஏலம் தொடங்கிவிடும். சாக்கைக் குத்தி மாதிரி எடுத்து, கொட்டையை வெட்டி, பருப்பை எடை போட்டு, அவுட்டர்ன் (கொட்டையில் எவ்வளவு பருப்பு தேறும் என்ற கணக்கு) பார்த்து எழுதுவது என் வேலை. கொட்டை வெட்டும் மேஜையைச் சுற்றி ஆறேழு பேர் உட்கார்ந்திருப்பார்கள். கை ஓடிக்கொண்டே இருக்கும், பேச்சும் ஓடும். பேச்சில் பாதி கால்பந்து.

அங்கே இருந்த மேஸ்திரிக்கு அப்போதே அறுபதைத் தாண்டிய வயது. நெவாலா பக்கத்துக்காரர், யாங்கா ரசிகர். 1977 ஜூலையில் சிம்பா யாங்காவை 6-0 என்று அடித்த ஆட்டத்தைப் பற்றி அவரிடம் கேட்டேன். அப்துல்லா கிபாடேனி 3 கோல் போட்ட ஆட்டம். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "நாலாவது கோலில் ரேடியோவை அணைத்துவிட்டேன். மிச்ச ரெண்டும் பக்கத்து வீட்டு ரேடியோவில் கேட்டது. அவன் வேண்டுமென்றே சத்தத்தைக் கூட்டி வைத்தான்" என்றார். சுற்றி இருந்த சிம்பாக்காரர்கள் கைதட்டினார்கள். உடனே அவர், "1968-ல் நாங்கள் 5-0 அடித்தோமே, அதையும் எழுதிக்கொள்ளுங்கள் பாஸ்" என்று என் பக்கம் திரும்பினார். கைதட்டியவர்களில் ஒருவர்கூட அதை மறுக்கவில்லை.

அன்றிலிருந்து நான் வைத்துக்கொண்ட வழக்கம் இது: ஜெயித்தவர் சொல்லும் ஸ்கோரைக் கேட்டுக்கொள்வேன், தோற்றவரும் ஒத்துக்கொண்ட பிறகுதான் எழுதிக்கொள்வேன். இரண்டு பக்கமும் ஒன்றுபோலச் சொன்ன ஸ்கோர்களைப் பழைய பேப்பரோடு ஒத்துப் பார்த்தபோது சரியாகவே இருந்தன. கோல் போட்டவர் யார், எத்தனையாவது நிமிஷம் என்பதில் நினைவு தடுமாறும். ஸ்கோரில் தடுமாறுவது குறைவு.

ரேடியோவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தான்சானியாவின் பெருநிலப் பகுதிக்கு டிவி வந்ததே 1994-ல்தான். ஸான்ஸிபாரில் அதற்கு இருபது வருஷம் முன்பே கலர் டிவி இருந்தது என்பது வேறு கதை. ஆக, லீகின் முதல் முப்பது வருஷத்தை நாட்டில் பெரும்பாலானவர்கள் கண்ணால் பார்க்கவில்லை, காதால் கேட்டார்கள். யூடியூபில் தேடி ஏமாந்து உட்காருவதில் பயனில்லை. 1970-களின் ஆட்டக்காரர் எப்படி ஆடினார் என்று கேட்டால் பெரியவர்கள் வர்ணனையாளர் எப்படிச் சொன்னார் என்பதைத்தான் சொல்வார்கள், குரலோடு, இழுவையோடு. எனக்கு அதுவும் வரலாறுதான். ஒரு நாடு தன் லீகை எப்படிக் கேட்டது என்பது அதில் இருக்கிறது.

பெரியவர்களிடம் கேட்கப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். முதலில் "ஷிகமோ" என்று வணக்கம் சொல்லுங்கள். அவர் "மரஹபா" என்று பதில் சொல்லும் வரை காத்திருங்கள். வயதில் மூத்தவருக்குச் சொல்ல வேண்டிய மரியாதை அது. அதைச் சொல்லாமல் நேரே கேள்விக்குப் போனால் பதில் ஒரு வார்த்தையில் முடிந்துவிடும். பெயர் சொல்லிக் கூப்பிடாமல் "ம்ஸே" (பெரியவரே) என்று கூப்பிடுங்கள். அப்புறம், "1974-ல் என்ன நடந்தது?" என்று வருஷத்தைப் பிடித்துக் கேட்காதீர்கள். பரீட்சை எழுதுகிற மாதிரி ஆகிவிடும் அவருக்கு. "நீங்கள் பார்த்ததில் மறக்க முடியாத ஆட்டம் எது?" என்றால் தானாகவே ம்வான்ஸா நகரத்துக்குப் போய்விடுவார்கள். அங்கே நியாமகானா மைதானத்தில் 1974-ல் யாங்கா சிம்பாவை 2-1 என்று கூடுதல் நேரத்தில் வென்றது. யாங்காவின் அந்தத் தலைமுறைக்கு அது பெரிய நாள்.

இந்த இரண்டு அணிகளுக்கும் நடுவே இருக்கும் உறவை வெளியிலிருந்து பார்த்தால் பகை என்றுதான் தோன்றும். அங்கே பல இனக்குழுக்களுக்குள் பரம்பரையாக ஒரு கேலி முறை உண்டு. நம் ஊரில் மாமன் மச்சானுக்குள் இருப்பதைப் போல, எவ்வளவு கிண்டல் செய்தாலும் கோபிக்கக் கூடாது. துக்க வீட்டில் முதல் ஆளாக வந்து வேலை பார்ப்பதும் அந்தக் கேலி முறைக்காரர்கள்தான். சிம்பா, யாங்கா ரசிகர்கள் தங்களை அந்த முறையில்தான் வைத்துக்கொள்கிறார்கள். எங்கள் கிடங்கில் யாங்காக்காரர் ஒருவரின் அம்மா தவறியபோது, வசூல் நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனது அவரை வருஷம் முழுக்க வம்பிழுத்த சிம்பாக்காரர்தான். புதிதாக வருகிற நாம் இந்தக் கேலியில் கலந்துகொள்ளலாம், தவறில்லை. ஆனால் ஏதாவது ஒரு பக்கத்தைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். எந்தப் பக்கமும் இல்லாதவர் இரண்டு பக்கத்தையும் கிண்டல் செய்தால் யாருக்கும் பிடிக்காது.

நான் என்ன பதில் சொன்னேன் என்றால், "ம்ட்வாராவில் இருக்கிறேன், அதனால் ண்டாண்டா". அந்த ஊர் அணி அது. சொன்னதும் எல்லாருக்கும் சிரிப்பு, கூடவே ஒரு சந்தோஷம். அந்தப் பதில்தான் எனக்கு லீகின் இன்னொரு பாதியைக் காட்டியது.

ண்டாண்டா 2014-15 சீசனில் பெரிய லீகுக்கு வந்தது. நங்வாண்டா சிஜாவோனா மைதானத்தில் ஆட்டம். மாலை நான்கு மணி வெயில், புழுதி, பாலித்தீன் பையில் வறுத்த முந்திரியும் நிலக்கடலையும் விற்கும் பெண்கள், சுவருக்கு வெளியே மாமரத்தில் ஏறி உட்கார்ந்திருக்கும் பையன்கள். சிம்பாவோ யாங்காவோ வரும் நாளில் மைதானம் நிரம்பி வழியும். ஆனால் நிரம்புகிற கூட்டத்தில் பாதிக்கு மேல் வந்த அணிக்குத்தான் கத்தும்! உள்ளூர் அணி தன் மைதானத்திலேயே வெளியூர் அணி மாதிரி ஆட வேண்டும். தான்சானியாவில் சின்ன ஊர் அணி ஒவ்வொன்றுக்கும் இதுதான் நிலைமை.

ஒருநாள் மேஸ்திரியிடம், ஏன் நம் அணி எப்போதும் கடைசி வரிசையிலேயே இருக்கிறது, எங்கேயோ கரும்புத் தோட்டத்து அணி எப்படி சாம்பியன் ஆயிற்று என்று கேட்டேன். அவர் திருப்பிக் கேட்டார்: "அந்த அணிக்கு யார் சோறு போடுகிறார்கள்? நம் அணிக்கு யார் போடுகிறார்கள்?"

இந்த லீகின் வரலாற்றைப் படிக்க இதைவிட நல்ல கேள்வி எனக்குக் கிடைக்கவில்லை. ஒவ்வொரு சாம்பியன் பெயருக்கும் நேரே இதைக் கேட்டுப் பார்த்தால் நாட்டின் கதையே வரிசையாக வந்து நிற்கும்.

1968 முதல் 1972 வரை தொடர்ந்து யாங்கா, 1976 முதல் 1980 வரை தொடர்ந்து சிம்பா. இவர்களுக்குச் சோறு போட்டது உறுப்பினர் கூட்டம், தலைநகரத்து ரசிகர் பணம், மேலிடத்துச் செல்வாக்கு. நடுவே 1975-ல் மொரோகோரோவின் ம்செட்டோ. 1982-ல் பான் ஆஃப்ரிக்கன். இது யாங்காவுக்குள் 1970-களில் வந்த சண்டையில் பிரிந்துபோனவர்களின் அணி. 1988-ல் டாங்கா துறைமுகத்தின் கோஸ்டல் யூனியன். 1986-ல் ம்பேயா பக்கத்துத் தேயிலை மலையில் இருக்கும் துகுயு ஸ்டார்ஸ், பெரிய லீகுக்கு வந்த கையோடு சாம்பியன். நாட்டின் முதல் அதிபர் ஜூலியஸ் நியெரெரே தொடங்கி வைத்த சோஷலிச முறை இருந்த காலம் அது. அப்போது ஆட்டக்காரர் என்றால் எங்காவது ஒரு அரசு நிறுவனத்திலோ கார்ப்பரேஷனிலோ வேலை இருக்கும். சம்பளம் அங்கே, ஆட்டம் இங்கே. அதனால் ஊர்களிலும் நல்ல ஆட்டக்காரர்கள் தங்கினார்கள். சின்ன ஊர் அணி சாம்பியன் ஆவது நடக்கக்கூடிய காரியமாக இருந்தது.

அதற்குப் பிறகு அரசு நிறுவனங்கள் ஒவ்வொன்றாக விற்கப்பட்டன, மூடப்பட்டன. சோறு போட வேறு ஆள் தேவைப்பட்டது. 1999, 2000 இரண்டு வருஷமும் பட்டம் வாங்கிய ம்டிப்வா சுகர், மொரோகோரோ பகுதியில் துரியானி பக்கம் இருக்கும் சர்க்கரை ஆலையின் அணி. கரும்பு ஓடுகிற வரை அணிக்குச் சாப்பாடு உண்டு, பஸ் உண்டு, தங்க இடம் உண்டு. புகோபாவில் ககேரா சுகரும் அப்படித்தான். இன்னொரு பக்கம் சீருடை அணிகள்: ம்பேயாவில் சிறைத்துறையின் பிரிசன்ஸ், ராணுவத் தேசிய சேவையின் ஜேகேடி, கிகோமாவின் மஷுஜா. இந்த அணிகளில் ஆட்டக்காரருக்கு மாதச் சம்பளம் தவறாது. பெரிய பட்டம் வராவிட்டாலும் இவர்கள் லீகை விட்டு எளிதில் போய்விட மாட்டார்கள். கீழே போனாலும் திரும்பி வருவார்கள். இந்த அணிகளைப் பற்றி யாரும் பக்கம் பக்கமாக எழுதுவதில்லை. பதினாறு அணி லீக் ஒழுங்காக நடக்க இவர்களும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம்.

அப்புறம் ஆஸம். கோதுமை மாவு, ஐஸ்க்ரீம், ஜூஸ் என்று கிழக்கு ஆப்பிரிக்கா முழுக்க விற்கும் பக்ரேசா நிறுவனத்தின் தொழிலாளர்கள் ஆடத் தொடங்கிய அணி. 2008-ல் பெரிய லீகுக்கு வந்தது, 2013-14-ல் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் சாம்பியன் ஆனது. சமாஸியில் சொந்த மைதானம், விளக்கு வெளிச்சம், இளைஞர் அணி எல்லாம் உண்டு. அதே நிறுவனத்தின் டிவிதான் லீகை ஒளிபரப்புகிறது. 2021-ல் பத்து வருஷத்துக்கு 225.6 பில்லியன் ஷில்லிங் ஒப்பந்தம். அந்தப் பணம் எல்லா அணிக்கும் கொஞ்சமாவது போய்ச் சேர்கிறது.

பெரிய இரண்டு அணிகளும் இப்போது தொழிலதிபர்களின் பணத்தில்தான் ஓடுகின்றன. சிம்பாவுக்கு "மோ" என்று எல்லாரும் கூப்பிடும் முகமது டியூஜி, யாங்காவுக்கு ஜிஎஸ்எம் நிறுவனம். அதற்கு முன் யாங்காவின் தலைவராக யூசுப் மஞ்சி இருந்தார். டியூஜியும் மஞ்சியும் இந்திய வம்சாவளியினர். அதனால் இந்திய முகத்தைப் பார்த்ததும் "நீங்கள் மோவின் ஆளா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். சிம்பாவில் முதலீட்டாளருக்கு 49 சதவீதம், உறுப்பினர்களுக்கு 51 சதவீதம் என்று ஒரு ஏற்பாடு பேசி முடிக்கப்பட்டது. பணம் போடுகிறவர் யாராக இருந்தாலும் கிளப் உறுப்பினர் கையில்தான் இருக்க வேண்டும் என்று அரசு சொன்னது. காரியாக்கோவில் இந்தச் சதவீதக் கணக்கைப் பழம் விற்கிறவர்கூட விரல் விட்டுச் சொல்வார்.

பணம் வந்ததன் பலன் கண்ணுக்குத் தெரிகிறது. முன்பெல்லாம் ஆப்பிரிக்கக் கண்டப் போட்டிகளில் தான்சானியாவின் பெருமை என்றால் 1993-ல் சிம்பா காஃப் கோப்பை இறுதி வரை போனதும், 2003-ல் அதே சிம்பா நடப்பு சாம்பியனான எகிப்தின் ஸமாலெக்கை வெளியேற்றியதும்தான். இப்போது 2023-ல் யாங்கா கான்ஃபெடரேஷன் கோப்பை இறுதியில், 2025-ல் சிம்பா அதே இறுதியில். இரண்டும் தோல்விதான். யாங்கா அல்ஜியர்ஸில் 1-0 என்று ஜெயித்தும், தார் எஸ் ஸலாமில் 2-1 என்று தோற்றிருந்ததால் மொத்தம் 2-2 ஆகி, எதிரி மைதானத்தில் அதிக கோல் போட்டவருக்கே வெற்றி என்ற கணக்கில் கோப்பை போயிற்று. அன்றிரவு நான் பார்த்த இடம் ஒரு கிபண்டா உமிஸா. தகரக் கொட்டகை, பெஞ்சு, முன்னால் ஒரு டிவி, வாசலில் சில்லறை வாங்கிக்கொண்டு உள்ளே விடும் பையன். சிம்பாச் சட்டை போட்ட ஒருவர் ஆட்டம் முடிந்ததும் எழுந்து பக்கத்தில் அழுதுகொண்டிருந்த யாங்காக்காரருக்கு சோடா வாங்கிக் கொடுத்தார். ஒரு சீசனாவது அந்தக் கொட்டகைகளில் போய் உட்காருங்கள். மொழியும் வரும், வரலாறும் வரும்.

ஆனால் எங்கள் ண்டாண்டாவுக்குச் சோறு போட யாரும் நிலையாக இல்லை. நாட்டின் ஒரு மூலையில் இருக்கும் அணி, விக்டோரியா ஏரிக்கரைக்கு ஆடப் போக வேண்டுமென்றால் பஸ்ஸிலேயே நாட்டைக் கடக்க வேண்டும். டீசலுக்கே பணம் திரட்ட வேண்டிய நிலை. முந்திரி விலை நன்றாக இருக்கும் வருஷம் வியாபாரிகள் கொஞ்சம் கொடுப்பார்கள். 2019-20 சீசனோடு கீழே போய்விட்டது. அதே சமயத்தில் பக்கத்து லிண்டி பகுதியின் ருவாங்வாவிலிருந்து நமுங்கோ மேலே வந்தது. பிரதமராக இருந்த காசிம் மஜாலிவாவின் ஊர் அது. மைதானத்துக்கே அவர் பெயர்தான். வந்த முதல் சீசனிலேயே உள்நாட்டுக் கோப்பை இறுதியில் சிம்பாவோடு மோதியது, அடுத்த சீசனில் கான்ஃபெடரேஷன் கோப்பையின் குரூப் சுற்று வரை போனது. இரண்டும் முந்திரி விளையும் ஊர்கள்தான். மேஸ்திரியின் கேள்வியை இங்கேயும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

இனி டெர்பி, அதாவது சிம்பாவும் யாங்காவும் மோதும் ஆட்டம். வேலையில் இருப்பவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது: லீக் அட்டவணை வந்ததும் சிம்பா, யாங்கா ஆட்டத் தேதியை ஷிப்மென்ட் காலண்டரில் குறித்துவிடுங்கள். அந்த மாலை கன்டெய்னர் லோடிங் வைத்தால் ஆள் வருவார், மனசு வராது. 2023 நவம்பர் 5, ஞாயிற்றுக்கிழமை. யாங்கா 5-1. முந்திரி சீசன் உச்சத்தில் இருந்தது. மறுநாள் காலை பச்சை மஞ்சள் சட்டையோடு யாங்காக்காரர்கள் ஏழு மணிக்கே வந்து கேட்டில் நின்றார்கள். சிம்பாக்காரர்களில் பாதிப் பேருக்கு உடம்பு சரியில்லை. முன்பே தெரிந்திருந்ததால் முக்கியமான லோடிங்கைச் செவ்வாய்க்குத் தள்ளி வைத்திருந்தேன். அந்த வாரமே சிம்பாவின் பிரேசில் பயிற்சியாளர் வேலையை விட்டுப் போனார். சம்பளம், மிரட்டல் எதனாலும் அந்த ஒருநாளைச் சரிக்கட்ட முடியாது. முன்கூட்டியே திட்டம் போடுவதுதான் வழி.

ஸ்டேடியத்துக்குப் போகிறவர்களுக்கு: ஆட்டம் நடப்பது தார் எஸ் ஸலாமின் ம்காபா ஸ்டேடியத்தில். சீன உதவியில் கட்டி 2007-ல் திறந்தது, 60,000 பேர் உட்காரலாம். பக்கத்திலேயே பழைய உஹுரு ஸ்டேடியம் இருக்கிறது. பெரியவர்கள் சொல்லும் பழைய ஆட்டங்களில் பல அங்கே நடந்தவைதான், அதையும் பார்த்துவிட்டு வாருங்கள். நுழைவு என்-கார்டு என்ற மின்னணு அட்டையில், செல்போன் பணத்தில் அதில் டிக்கெட் ஏற்றிக்கொள்ளலாம். அதை முந்தின நாளே முடித்துவிடுங்கள். எந்தப் பக்கத்து நிறமும் இல்லாத சட்டை போடுங்கள். பக்கம் இருந்தால் அந்தப் பக்கத்து கேட்டைத் தெரிந்துகொண்டு போங்கள். டாலாடாலா என்னும் மினி பஸ்ஸிலோ பஜாஜியிலோ போய், கொஞ்ச தூரம் முன்பே இறங்கி நடப்பது நல்லது. (நம் ஊர் ஆட்டோதான் அங்கே பஜாஜி.) ஆட்டம் மாலையில் என்றாலும் மதியமே உள்ளே போய் உட்கார்ந்துவிடுங்கள். இதை நான் வெறும் வசதிக்காகச் சொல்லவில்லை. 2023 மே 28, யாங்கா ஆடிய அந்த இறுதிப் போட்டியின் இரண்டு ஆட்டங்களில் முதல் ஆட்டத்தின்போது கேட்டுக்கு வெளியே நெரிசலில் ஒருவர் உயிரிழந்தார், பலர் காயப்பட்டார்கள். கூட்டம் கேட்டை முட்டத் தொடங்கிவிட்டால் டிக்கெட் காசு போனால் போகட்டும் என்று ஓரமாக வந்துவிடுங்கள். பிள்ளைகளை அழைத்துப் போவதாக இருந்தால் டெர்பி வேண்டாம், சமாஸியில் ஆஸம் ஆடும் சாதாரண ஆட்டத்துக்குக் கூட்டிப் போங்கள். வெளிச்சம் நன்றாக இருக்கும், உட்காரவும் இடம் கிடைக்கும்.

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அன்றிரவுக்கே திரும்ப டிக்கெட் போட வேண்டாம். 2025 மார்ச் 8 டெர்பிக்கு முந்தின மாலை, சிம்பா அணியை ஸ்டேடியத்தில் பயிற்சிக்கு விடவில்லை என்று பிரச்சினை கிளம்பி, ஆட்டமே தள்ளிப்போயிற்று. தெற்கிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தவர்கள் ஜெர்சியைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு திரும்பினார்கள். கடைசியில் ஜூன் 25-ல்தான் ஆடினார்கள், யாங்கா 2-0.

சீசன் ஆரம்பத்தில் போகிறவர்களுக்கு வழக்கமாக ஆகஸ்டில் வரும் சிம்பா தினமும் யாங்காவின் கொண்டாட்ட வாரமும் நல்ல வாய்ப்பு. புது ஆட்டக்காரர்களை அறிமுகம் செய்வார்கள், பழைய ஆட்டக்காரர்கள் வருவார்கள். அந்தக் கூட்டத்தில் வயதானவர்கள் உட்கார்ந்திருக்கும் பக்கம் போய்ப் பேச்சுக் கொடுத்தால் நேரம் போவதே தெரியாது.

வயதானவர்களைப் பற்றித்தான் எனக்கு அவசரம். 1965-ல் லீக் தொடங்கியபோது பத்து வயதுப் பையனாக இருந்தவருக்கு இப்போது எழுபது ஆகிவிட்டது. அனுமதி கேட்டு, போனில் குரலைப் பதிவு செய்துகொள்ளுங்கள். காரியாக்கோவில் பழைய படமோ பேப்பர் வெட்டோ கிடைத்தால் கையோடு கொண்டுபோங்கள். பட்டியலைக் காட்டினால் வராத பேச்சு ஒரு படத்தைக் காட்டினால் வரும். ஆட்டக்காரர் பெயரோடு அவர் எங்கே வேலை பார்த்தார் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். ரயில்வே, துறைமுகம், சிறைத்துறை என்று பதில் வரும். அந்த அணி ஏன் எழுந்தது, ஏன் போயிற்று என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

எங்கள் மேஸ்திரி சொன்னதை ஒரு நோட்டு நிறைய எழுதி வைத்திருக்கிறேன். அதில் தெற்குப் பகுதியும் தார் எஸ் ஸலாமும் ஓரளவு வந்திருக்கின்றன. துகுயு ஸ்டார்ஸ் பக்கம் மட்டும் காலியாகவே இருக்கிறது. 1986-ல் அந்த மலையூரில் அணிக்கு யார் சோறு போட்டார்கள் என்று சொல்ல எனக்கு ஆள் கிடைக்கவில்லை. ம்பேயா பக்கம் தேயிலை, காபி வேலையாகப் போகிறவர்கள் யாராவது இருந்தால் ஒரு மாலை துகுயுவில் இறங்கி, ஷிகமோ சொல்லி, விசாரித்துப் பாருங்கள். கிடைப்பதை எனக்கும் சொல்லுங்கள்.